கேள்வி-பதில்: தெரமின், தம்பூரா, எர்த்

கேள்வி: கிட் வாங்கி தெரமின் (தொடாமல், ஆன்டெனா அருகே கையை அசைத்தே வாசிக்கும் மின்னணு இசைக்கருவி) செய்தேன். 9 வோல்ட் பேட்டரி, ஹெட்போன். ஆன்டெனாவுக்கு ஒட்டக் கையைக் கொண்டுபோனாலும் சுருதி அரை ஸ்வரம்தான் நகர்கிறது. ஆம்ப்ளிஃபயரில் செருகினால் மட்டும் இரண்டு ஸ்தாயி ஏறுகிறது. போர்டில் கோளாறா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போர்டு நன்றாகவே இருக்கிறது, எர்த்தான் இல்லை. கையும் ஆன்டெனாவும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அமைப்பு). கை அசைவில் அதன் மதிப்பு ஒரு பைக்கோஃபாரட் அளவில்தான் மாறும். அந்தச் சின்ன மாற்றம் ஆஸிலேட்டருக்கு (அதிர்வை உண்டாக்கும் சர்க்யூட் பகுதி) எட்ட, உங்கள் உடம்பிலிருந்து தரை வழியாகச் சர்க்யூட்டின் 0 வோல்ட் புள்ளிக்கு ஒரு பாதை வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் செருகும்போது ஜாக் ஒயரின் ஷீல்டு (வெளிச்சுற்றுக் கம்பி) ஆம்ப்ளிஃபயரின் எர்த் வழியாக அந்தப் பாதையைத் தந்துவிடுகிறது.

கடையில் 6 ஆம்பியர் த்ரீ பின் டாப் ஒன்று வாங்குங்கள். மேலே இருக்கும் பெரிய பின்னில் மட்டும் பச்சை ஒயரை முறுக்குங்கள். மற்ற இரண்டு பின்களையும் கழற்றி விடுங்கள். ஒயரின் மறுமுனையை போர்டின் 0 வோல்ட்டில் சால்டர் செய்யுங்கள். செருகும் முன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிந்தால் எர்த் உண்டு. வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது விழும். அதுவும் நல்ல அடையாளமே. வெறும் மல்டிமீட்டரை நம்பாதீர்கள், அறுந்த எர்த்திலும் அது ஏதாவது வோல்ட்டேஜ் காட்டும்.

பழைய ஓட்டு வீடுகளில் எர்த் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள். அதற்காக சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் சேர்த்துக் கட்டும் பழக்கம் உயிரைக் குடிக்கும்: நியூட்ரல் எங்காவது அறுந்தால் 230 வோல்ட் நேராக உங்கள் கருவியில் ஏறும். எர்த் கிடைக்கும்வரை பேட்டரியில் மட்டும் வாசியுங்கள். 0 வோல்ட்டிலிருந்து வரும் ஒயரின் முனையில் ஒரு தகட்டைப் பிணைத்து வெறுங்காலால் மிதித்துக்கொண்டால் சுருதி ஓடும். அடாப்டரில் இருக்கும்போது இந்த வேலை கூடாது.

கேள்வி: வீட்டில் செய்த எலக்ட்ரானிக் தம்பூரா, இரும்புப் பெட்டி. மழைக்காலத்தில் சுத்தமாக ஒலித்தது, சித்திரையில் ‘உர்ர்’ என்கிறது. பெட்டி ஸ்குரூவில் விரல் வைத்தால் அடங்குகிறது.
– வாசகி, திருவையாறு

பதில்: விரல் வைத்ததும் அடங்கினால் பெட்டிக்கு எர்த் வந்து சேரவில்லை. இனி அப்படித் தொட்டுப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் எர்த் பின்னுக்கும் பெட்டி ஸ்குரூவுக்கும் நடுவே மீட்டரில் பாருங்கள்; ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். கூடினால் ரிங் டேக்குக்கு (எர்த் ஒயர் முனையில் உள்ள வளையம்) அடியில் பெயின்ட் இருக்கும். உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள்.

அது சரியாக இருந்தால் வீட்டின் எர்த் குழியைப் பாருங்கள். பருவத்தோடு மாறுவதால் என் சந்தேகம் அங்கேதான். நம் களிமண் ஈரத்தில் குழாயை இறுகப் பிடித்திருக்கும். கோடையில் வயல் வெடிப்பதுபோலக் குழாயைச் சுற்றியும் வெடித்து விலகிவிடும். குழியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் கேளுங்கள். இரைச்சல் குறைந்தால் காரணம் அதுவே. எலக்ட்ரீஷியனை வைத்துக் கரியும் உப்பும் புதிதாக நிரப்பி, கிளாம்ப்பில் துரு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.