செவ்வாய்க்கு யார் லைசென்ஸ் கொடுப்பது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: “இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகச் செவ்வாயின் ஒலிம்பஸ் மலையை கேம் எஞ்சினில் உருவாக்கினேன். சரிவெல்லாம் படிக்கட்டு மாதிரி வருகிறது. கோலாலம்பூர் விற்பனையாளர் ஒருவர், ‘இலவசத் தரவு அப்படித்தான், 1,800 ரிங்கிட்டுக்கு அசல் லைசென்ஸ் எடு’ என்கிறார். எடுக்கலாமா?”

எடுக்காதீர்கள் தம்பி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

கோளாறு தரவில் இல்லை, சேமித்த விதத்தில். நாசாவின் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் இருந்த மோலா லேசர் கருவி அளந்த உயரங்கள் அவை. கிரகத்தின் அதலபாதாளத்துக்கும் உச்சிக்கும் 29,000 மீட்டருக்கு மேல் வித்தியாசம். 8 பிட் படமாக்கினால் அத்தனையும் 256 படிகளுக்குள் அடங்க வேண்டும். ஒரு படி சுமார் 115 மீட்டர். நம் பினாங்குக் கொடிமலையே ஏழு படியில் முடிந்துவிடும்! 16 பிட்டில் சேமியுங்கள். பள்ளங்களின் உயரம் கழித்தல் எண்ணில் வந்து இடிக்கும், எல்லாவற்றோடும் 8,500 கூட்டிவிடுங்கள். வரைபடத் தரவைக் கையாளும் இலவச கியூஜிஐஎஸ் மென்பொருள் போதும்.

“முழுக் கிரகமும் ஒரு மீட்டர் துல்லியத்தில்” என்று விற்பவரிடம் கவனம். மோலா வரைபடத்தில் ஒரு புள்ளி 463 மீட்டர். நாசாவின் இன்னொரு செவ்வாய் விண்கலத்தில் உள்ள ஹைரைஸ் கேமராவிலிருந்து ஒரு மீட்டர் அளவில் உயர வரைபடம் உண்டுதான், ஆனால் சில துண்டு நிலங்களுக்கு மட்டும். மிச்சத்தைக் கணினியே கற்பனையாக நிரப்பி உங்கள் தலையில் கட்டுவார்கள்.

நாசா தரவுக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு விலக்கு, கவனமாகக் கேளுங்கள்: மலைமேல் போர்த்த மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் வண்ணப் படங்களை எடுத்தால், அவை ஐரோப்பியர்களுடையவை. காசு வேண்டாம், பெயர் வேண்டும். ஈசா (ஐரோப்பிய விண்வெளி நிறுவனம்), டிஎல்ஆர் (ஜெர்மன் விண்வெளி மையம்), பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகம், மூன்றையும் போடுங்கள். ஒன்றை விட்டாலும் தப்பு. அவற்றை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

இந்த வியாபாரிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் தெரியுமா? நான் முன்பு வேலை செய்த இடத்தில் இலவசப் பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். விலை பூஜ்யம் என்று எழுதினால் படிவம் திரும்பி வரும். 500 ரிங்கிட் என்று எவனாவது எழுதித் தந்தால் உடனே கையெழுத்து!

சரி, படிக்கட்டு போன பிறகு இன்னொன்று உறுத்தும். ஒலிம்பஸ் 600 கிலோமீட்டர் அகலம், சரிவு சராசரியாக ஐந்து டிகிரி. சரிவில் நின்றால் மலையாகவே தெரியாது. உயரத்தை மூன்று மடங்கு இழுத்துக்கொள்ளலாம், ஆனால் திரையிலேயே அதை எழுதிவிடுங்கள். விரிவுரையாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.