எலும்புப்புரைக்கு மாத்திரை சாப்பிட்டால் மூட்டு வலி வருமா?

சிலருக்கு வரும். எங்கள் அம்மாவுக்கு வந்தது. மாத்திரையாலும் வரலாம் என்று எங்களுக்கு உறைக்கவே நான்கு மாதம் ஆனது.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது ஸ்கேன் எடுத்து எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) என்றார்கள். அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், பசியாறாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

மூன்றாவது மாதம் முழங்கால், தோள், விரல் எல்லாம் வலி. இடியாப்பம் பிழிய முடியவில்லை. அந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படியேறாமல் கீழேயே நின்று கும்பிட்டார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை. நாங்கள் ‘தேய்மானம், வயசாச்சு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்தான் எங்களைக் குழப்பியது. மூட்டு தேய்வதும் தேய்மானம், எலும்புப்புரையும் ‘எலும்புத் தேய்மானம்’! ஆனால் எலும்புப்புரை, எலும்பு முறியாதவரை பொதுவாக வலிப்பதில்லை. அப்படியானால் இந்தப் புது வலி எங்கிருந்து வந்தது?

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். எலும்பு, தசை, மூட்டு வலி என்று போட்டிருந்தது. அலெண்ட்ரோனேட் பிஸ்பாஸ்போனேட் என்ற வகையைச் சேர்ந்தது. இந்த வகை மருந்துகளால் கடும் வலி வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது. தொடங்கிய சில நாளிலும் வரலாம், மாதங்கள், வருஷங்கள் கழித்தும் வரலாம். (இதே வகையில் வருஷத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் மருந்து போட்டதும் வரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வேறு. அது பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.)

மாத்திரை தொடங்கிய தேதி, வலி தொடங்கிய தேதி இரண்டையும் எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். வைட்டமின் டி, கால்சியம் பார்க்க ரத்தம் எடுத்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஆறு வாரத்தில் விரல்கள் தேறின. தோளில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சிலருக்கு முழுதாகப் போவதில்லை.

தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அந்தத் துன்பம் இதைவிடப் பெரியது. அம்மாவுக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி. அதிலும் மூட்டு வலி வருவதுண்டு, அம்மாவுக்கு இதுவரை இல்லை. ஆனால் அதைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறியும் ஆபத்து கூடும் என்பதால் தேதியை விடுவதே இல்லை.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. தொடையிலோ கவட்டியிலோ புதிதாக வலித்தால் உடனே டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள். இந்த மருந்துகளால் அரிதாகத் தொடை எலும்பு முறிவதுண்டு. அதற்கு முன்னால் பலருக்கு அங்கேதான் வலிக்கிறது.