சுவரைத் துளைத்துச் சென்ற பந்து

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் மகள் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற வாரம் இயற்பியல் தேர்வுத்தாளைக் கொண்டுவந்தாள். 0.2 கிலோகிராம் நிறையுள்ள பந்து, விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுவரில் நேராக மோதி, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அதே வழியில் திரும்புகிறது. சுவர் அதற்குக் கொடுத்த கணத்தாக்கு, அதாவது பந்தின் உந்தத்தில் (நிறையைத் திசையோடு கூடிய வேகத்தால் பெருக்கி வருவது) ஏற்படுத்திய மாற்றம், எவ்வளவு என்பது கேள்வி. அவள் 15-இலிருந்து 10-ஐக் கழித்து, 0.2-ஆல் பெருக்கி, 1 நியூட்டன் விநாடி என்று எழுதியிருக்கிறாள். சரியான விடை 5. இவ்வளவு எளிய கணக்கில் கவனக்குறைவால் மதிப்பெண்ணை விட்டுவிட்டாளே என்று நன்றாகத் திட்டிவிட்டேன்.

அதன்பின் அவள் கேட்ட ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மோதலில் மொத்த உந்தம் மாறாது, இயக்க ஆற்றல் (நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கியதில் பாதி) குறையலாம் என்று பாடம் சொல்கிறது. ஒரே மோதலில் ஒன்று அப்படியே இருக்க, மற்றொன்று மட்டும் எப்படிக் குறைகிறது? நிறையையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்ல ஓர் அளவு போதாதா, எதற்காக இரண்டு? துணைப்பாட ஆசிரியர் ஒருவர், மோதல் கணக்குகளை வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார். அவரிடம் அனுப்பலாமா? நீங்கள் இயற்பியல் கற்பித்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம., உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில், கரைக்கு வரும் கப்பல்களுக்கு வடம் கட்டும் வேலையில் என் தந்தை நெடுங்காலம் இருந்தார். நகரையொட்டிய முனையங்கள் 2027-க்குள் துவாஸுக்கு இடம்பெயர இருப்பதால், அண்மைக் காலமாக அவருடைய நினைவு அடிக்கடி வருகிறது. ஒரு பெருங்கப்பல் கரையைத் தொடும்போது என்ன நிகழ்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும் என எண்ணிக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் மகள் கேட்டிருப்பதற்கான பதில் அந்தக் கப்பலிடம் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன்பு உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

துணைப்பாட வகுப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு; அதில் நான் நுழைய விரும்பவில்லை. மோதல்களை வகை பிரித்து மனப்பாடம் செய்யச் சொல்பவரிடம் மட்டும் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

அவள் செய்ததைக் கவனக்குறைவு என்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு தவறு. அதை அவளிடம் சொன்னது அதைவிடத் தவறு. அவள் சரியாகக் கழித்திருக்கிறாள், சரியாகப் பெருக்கியிருக்கிறாள், அலகைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாள். கவனமில்லாத பிள்ளை இப்படி எழுதாது. அவள் எழுதிய 1 நியூட்டன் விநாடி என்பது வேறொரு நிகழ்வுக்கு மிகச் சரியான விடை. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்த பந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடுத்த வீட்டுக்குள் பறந்து சென்றால், சுவர் அதற்குக் கொடுத்த கணத்தாக்கின் அளவு அதுதான். திட்டுவதை விட்டுவிட்டு, "உன் விடைப்படி பந்து இப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது?" என்று கேட்டிருந்தால், அவளே தாளைப் பிடுங்கித் திருத்தியிருப்பாள். நீங்கள் கேட்கவில்லை. 5 என்ற எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு கணக்கு எளியதாகத் தெரிவது எல்லாத் தந்தையருக்கும் இயல்புதான். அதற்காகப் பிள்ளைக்கும் அது முன்கூட்டியே எளியதாக இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சுவர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில் வந்த பந்தை நிறுத்த வேண்டும், அதற்கு 0.2-ஐ 15-ஆல் பெருக்கி வரும் 3 நியூட்டன் விநாடி தேவை. நின்ற பந்தைப் பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு மேலும் 2 நியூட்டன் விநாடி. இரண்டும் ஒரே திசையில், சுவரிலிருந்து வெளிப்புறமாக, கொடுக்கப்பட்டவை, ஆகவே கூட்டுகிறோம். சுவரை நோக்கிய திசையை நேர்க்குறி என்று வைத்துக்கொண்டால் தொடக்க உந்தம் +3, இறுதி உந்தம் −2, மாற்றம் −5. அந்தக் கழித்தல் குறி, சுவர் எந்தப் பக்கமாகத் தள்ளியது என்பதைச் சொல்லும் செய்தி. பல வகுப்பறைகளில் அதை ஓர் எழுத்து ஒழுங்காக, போட மறந்தால் மதிப்பெண் போகும் என்ற மிரட்டலாக, கற்பிக்கிறார்கள். அது எனக்குக் கடுங்கோபத்தை உண்டாக்கும் பழக்கம். அம்புக்குறி வரையாமல் எண்ணை எழுதத் தொடங்கும் மாணவருக்குக் குறி எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் தடுமாறிய பெரியவர்களைப் பற்றி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த், 1644-இல் வெளியான தம் நூலில், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறுவதில்லை என்று எழுதினார். பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவதே அவர் சொன்ன அளவு. அதில் திசைக்கு இடமில்லை. அந்த அடிப்படையில் மோதலுக்கு ஏழு விதிகள் வகுத்தார். நான்காவது விதி, சிறிய பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் அசையாமல் நிற்கும் பெரிய பொருளை நகர்த்தாது, தான் வந்த வேகத்திலேயே திரும்பிவிடும் என்கிறது. சமூக மன்றத்தில் கேரம் ஆடும் பிள்ளைகளுக்கே இது பொய் என்று தெரியும்; வேகமாக வந்த காய் பட்டால் அதைவிடக் கனமான ஸ்ட்ரைக்கரும் நகரத்தான் செய்கிறது. ஆனால் தெகார்த்தின் கணக்கேட்டில் அந்த விதி பிசகின்றி நின்றது. முன்பு இருந்த அளவு பின்பும் இருக்கிறது, எதுவும் கூடவில்லை, குறையவில்லை. திசையைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே, இடமிருந்து வலமாக இருந்த இயக்கம் முழுவதும் வலமிருந்து இடமாக மாறியிருப்பதும், அந்த இருமடங்கு மாற்றத்தை ஈடுசெய்ய எதிரில் எதுவுமே நகரவில்லை என்பதும் கண்ணில் படும். உங்கள் மகள் விட்டதும் அதே திசைதான்.

இதைச் சரிசெய்ய கால் நூற்றாண்டு பிடித்தது. லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் மோதல் விதிகளைக் கேட்டபோது, 1668-இன் இறுதியிலும் 1669-இன் தொடக்கத்திலுமாக வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூன்று அறிஞர்களும் விடை அனுப்பினார்கள். அவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஹைகன்ஸ். இரண்டு சமமான கடினப் பந்துகள் சம வேகத்தில் எதிரெதிராக மோதினால் அதே வேகத்தில் பின்வாங்கும் என்பதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அந்த மோதலைக் கரையோரமாக மிதந்து செல்லும் ஒரு படகின் மேல் நிகழ்வதாகக் கற்பனை செய்தார். படகின் வேகமும் பந்துகளின் வேகமும் ஒன்றாக இருந்தால், கரையில் நிற்பவருக்கு ஒரு பந்து அசையாமல் நிற்பதாகவும், மற்றது இருமடங்கு வேகத்தில் வந்து மோதுவதாகவும் தெரியும். மோதிய பிறகு வந்தது நின்றுவிடும், நின்றது அந்த வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டு செல்லும். ஓர் எளிய மோதலைக் கரையிலிருந்து பார்த்தே மற்றொரு மோதலின் விடையை அவர் பெற்றுவிட்டார். எதிர்த்திசையில் உள்ள இயக்கத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் ஒரு பக்கம் நோக்கிய இயக்கத்தின் அளவு மாறுவதில்லை என்பதையும் 1669-இல் வெளிப்படையாக எழுதினார். உங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் நீங்கள் அதட்டி எழுத வைத்த கழித்தல் குறி இதுதான், தம்பி. தெகார்த்துக்குப் பிடிபடாத ஒன்று பதினேழு வயதுப் பெண்ணுக்கு முதல் தேர்விலேயே பிடிபடவில்லை என்றால், அவள் அருகில் உட்கார்ந்து படம் வரையுங்கள்.

இனி, எதற்காக இரண்டு அளவுகள் என்ற கேள்வி. சிறுமியாக இருந்தபோது அப்பா என்னை ஒருமுறை கப்பல் கரையணைவதைப் பார்க்க அழைத்துச் சென்றார். இழுவைப்படகுகள் தள்ள, நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாகக் கப்பலின் பக்கச் சுவர் எங்களை நோக்கி வந்தது. ஃபெண்டர் எனப்படும் ரப்பர் மெத்தைகளைத் தொட்ட பிறகு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, மெத்தை அமுங்க அமுங்க வந்துகொண்டே இருந்தது. தொங்கானை, அதாவது சிறு சரக்குப் படகை, காலால் தள்ளிவிடலாம், கப்பலை அப்படி நினைத்து யாரும் நடுவில் நிற்கக்கூடாது, மெதுவாக வருவதுதான் அதில் உள்ள ஆபத்து என்று அப்பா சொன்னார். அவர் பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். உந்தம் என்பதை உடம்பால் அறிந்தவர்.

எண்களை வைத்துப் பாருங்கள். 100,000 டன் கப்பல் ஒன்று விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் கரையை நெருங்குகிறது. அதன் இயக்க ஆற்றல் 500,000 ஜூல். விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1,500 கிலோகிராம் காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 470,000 ஜூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! ஆனால் கப்பலின் உந்தம் காரின் உந்தத்தைப்போல் ஏறக்குறைய 267 மடங்கு. (கப்பலோடு சேர்ந்து நகரும் நீரையும் துறைமுகப் பொறியாளர்கள் கணக்கில் சேர்ப்பார்கள், இங்கே அதை விட்டுவிடுகிறேன்.) சீரான விசையால் இரண்டையும் 1 மீட்டர் தூரத்துக்குள் நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், கப்பலுக்கு 500,000 நியூட்டன், காருக்கு 470,000 நியூட்டன், விசையில் பெரிய வேறுபாடு இல்லை. நேரத்தைப் பாருங்கள். கார் 0.08 விநாடியில் நின்றுவிடும். கப்பல் நிற்க 20 விநாடி ஆகும். அந்த 20 விநாடியும் ஏறத்தாழ 50 டன் எடைக்கு ஈடான விசையோடு அது அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு மனிதர் 500 நியூட்டன் விசையோடு தள்ளி அதே கப்பலை நிறுத்த வேண்டுமானால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டும்.

ஒரு விசை ஒரு பொருளை எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்று கேட்டால் இயக்க ஆற்றல் பதில் சொல்லும். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டால் உந்தம் பதில் சொல்லும். தூரமும் நேரமும் வேறு வேறு என்பதால் அளவுகளும் இரண்டு. 1686-இல் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் தெகார்த்தை மறுத்து, நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவதுதான் உண்மையான அளவு என்று தொடங்கிய சண்டை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1722-இல் டச்சு அறிஞர் கிராவெசாண்டே ஒரே பருமனும் வெவ்வேறு நிறையும் உள்ள பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்டு, நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது சமமானால் பள்ளமும் சமமாவதைக் காட்டினார். அவர் பார்த்தது, குண்டு எவ்வளவு தூரம் புதைந்து நின்றது என்பதை.

இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மகளின் முதல் கேள்வி தானாக அவிழும். 1,500 கிலோகிராம் கார் ஒன்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றுகொண்டிருக்கும் அதேபோன்ற காரில் மோதி, இரண்டும் ஒட்டிக்கொண்டு விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. உந்தம் முன்பும் 30,000, பின்பும் 30,000. இயக்க ஆற்றலோ 300,000 ஜூலிலிருந்து 150,000 ஆகிவிட்டது. மோதல் 0.1 விநாடி சீரான விசையோடு நீடித்ததாகக் கொள்ளுங்கள். முதல் கார் இரண்டாவதைத் தள்ளிய விசையும், இரண்டாவது முதலாவதைத் தள்ளிய விசையும் சமம், எதிரெதிர். இரண்டும் செயல்பட்ட நேரமும் அதே 0.1 விநாடி. அதனால் ஒன்று இழந்த உந்தத்தை மற்றது அப்படியே பெற்றது. ஆனால் அந்த நேரத்தில் முதல் கார் 1.5 மீட்டர் நகர்ந்தது, இரண்டாவது 0.5 மீட்டர்தான் நகர்ந்தது. இடைப்பட்ட 1 மீட்டர், இரண்டு கார்களின் தகடும் நசுங்கிய அளவு. விசை 150,000 நியூட்டன். அதை 1 மீட்டரால் பெருக்கினால் காணாமல்போன 150,000 ஜூல் வந்துவிடும். நேரம் இருவருக்கும் பொது, தூரம் பொதுவல்ல. நசுங்கியது வில்லைப்போல முழுவதும் மீண்டுவந்து தள்ளினால் ஆற்றலும் திரும்பக் கிடைக்கும். அதை மீட்சி மோதல் என்கிறோம். மனப்பாடம் செய்ய இதில் எதுவுமில்லை.

பந்தின் உந்தம் மட்டும் ஏன் மாறியது என்று அவள் கேட்பாள். சுவரும் அது பதிந்திருக்கும் பூமியும் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அவற்றையும் உள்ளே சேர்த்தால் மொத்தம் மாறாது. எதை உள்ளே வைக்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்று ஒரு கோடு வரைந்து காட்டிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இறுதியாக ஒரு கணக்கு. மரப்பலகை ஒன்று தரையில் செங்குத்தாக நிற்கிறது. ஒரே நிறையுள்ள களிமண் உருண்டையையும் ரப்பர் பந்தையும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில், தனித்தனியாக அதன்மேல் எறிகிறோம். களிமண் ஒட்டிக்கொள்கிறது, ரப்பர் துள்ளித் திரும்புகிறது. பலகையைச் சாய்க்கும் வாய்ப்பு எதற்கு அதிகம்? இதை அவளிடம் கொடுங்கள். நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள், அவள் தவறாகச் சொன்னாலும் இடையில் பேசாதீர்கள். அவள் என்ன காரணம் சொன்னாள் என்பதை எனக்கு எழுதுங்கள். மதிப்பெண்ணை எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா