அண்ணாச்சி பதில்கள்: சைபர் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: கம்ப்யூட்டர் பட்டம் முடித்திருக்கிறேன். டிஜிட்டல் தடயவியல் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா அண்ணாச்சி? - வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகக் கட்டுங்கள், தங்கச்சி. ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்து நகலெடுக்கச் சொல்வார்களா என்று முதலில் கேளுங்கள். நான் போன முதல் பயிற்சியில் இரண்டு நாளும் ஸ்லைடுதான், மனசு விட்டுப்போச்சு. அடுத்ததில் ரைட் பிளாக்கர் (மூல டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) மாட்டி நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹேஷ் எண், அதாவது தரவின் கைரேகை மாதிரியான எண், ஒத்துப்போகிறதா என்று பார்க்க வைத்தார்கள். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் வேறாகிவிடும். அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது.

அப்புறம், சட்ட வகுப்பைத் தவறவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு கோர்ட்டில் கொடுக்கும் சான்றிதழில் அந்த ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். அதில் பிசகினால், பணத்தை இழந்து, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழுதுகொண்டே போன் செய்த நம் ஊர் அம்மாவின் வழக்குதான் கோர்ட்டில் தடுமாறும்.