தம்பி வேலை அனுமதியில் (ஒர்க் பெர்மிட்) சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போகிறான். ஏஜென்ட் லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார். அங்கே தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. ஆனால் உரிமையைக் கேட்கும் துணிச்சலைப் பறிக்கிற இரண்டும் கூடவே வருகின்றன: ஊரில் வாங்கிய கடன், ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட பெர்மிட். இங்கே கட்டுமான நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் காசுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

விமானம் ஏறும் முன் உங்கள் தம்பியின் கையில் ஐபிஏ இருக்க வேண்டும். மனிதவள அமைச்சு கொடுக்கும் முன் ஒப்புதல் கடிதம் அது. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அதை அனுப்பிவைப்பது முதலாளியின் கடமை. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் அதில் தனித்தனியாக இருக்கும். எல்லோரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளத்தை. ஓவர்டைம் அதை வைத்துத்தான் கணக்காகிறது; படிகள் அதில் சேராது.

மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 800 வெள்ளியும் அடிப்படைச் சம்பளம். இன்னொருவருக்கு அடிப்படை 468, மீதி படி. மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்) வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. முதலாமவருக்கு மணிக்கு 6.29 வெள்ளி, அடுத்தவருக்கு 3.68. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் 72 மணி நேர ஓவர்டைமையும் இருவரும் பார்த்தால், வித்தியாசம் மட்டும் 188 வெள்ளி. வெயிலும் ஒன்றுதான், சிமெண்டும் ஒன்றுதான்.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில், புதிதாக வந்தவர்களிடம் முதல் நாளே ஒரு தாளை நீட்டுவார்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்கச் சம்மதம் என்பதுதான் அதன் சாரம். தூக்கக் கலக்கத்தில் வந்து நிற்பவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். தொழிலாளியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல், அமைச்சுக்கும் தெரிவிக்காமல், ஐபிஏயில் உள்ள சம்பளத்தைக் குறைக்க முடியாது. அந்தச் சம்மதத்தை வாங்குவதுதான் அந்தத் தாளின் வேலை. படிக்க முடியாத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணமும் வந்துவிட வேண்டும், சம்பளச் சீட்டோடு. அரசுக்குக் கட்டும் லெவி முதலாளியின் செலவு. அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். பெர்மிட்டைப் புதுப்பிக்க முதலாளி காசு கேட்டால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற வரம்பை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் புதுப்பிக்கக் காசு கேட்பவர்களுக்கும் அது நல்லதாகப் போய்விட்டது என்று எனக்குச் சந்தேகம்.

இத்தனை இருந்தும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? முதலாளி நினைத்தால் பெர்மிட்டை ரத்து செய்யலாம், கடன் ரத்தாகாது. அதுதான் விஷயம். சம்பளப் புகாரை டாட்எம் என்ற தகராறு தீர்வு அமைப்பிடம் கொடுக்கலாம். வேலை போய்விட்டால் 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆவணங்களைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பி வைப்பது நல்லது. வேலை பிடிக்கவில்லை என்றால், பெர்மிட் முடிவதற்கு 40 முதல் 21 நாள் முன்பு, முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமான நிறுவனத்துக்கு மாறலாம். இது பல பேருக்குத் தெரியாது.

இனி ஏஜென்ட். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஊரில் இருப்பவரை அந்தச் சட்டம் தொடாது. இந்தியாவில் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலிலும் சிங்கப்பூர் இல்லை, ஆகவே அந்தச் சோதனையும் இல்லை. ஐபிஏயைக் காட்டாதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காட்டினால், அது உண்மைதானா என்று அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். பிறகு சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதை வைத்து, கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்று கணக்குப் போடுங்கள். ஓர் ஆண்டைத் தாண்டினால், என் தம்பியாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.