கிளையன்ட் கெடுத்த டெக்

அன்புள்ள அக்கா,

கோவையிலிருந்து எழுதுகிறேன். விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு ஒரு விளம்பர நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். இப்போது தனியாக பிரசன்டேஷன் டிசைன் மட்டும் செய்கிறேன். பம்ப் கம்பெனிகள், ஒரு மருத்துவமனை, சமீபத்தில் ஓர் அரசுத் துறைக்குத் தமிழில் ஒரு டெக், அதாவது ஸ்லைடுத் தொகுப்பு.

பவர்பாயின்டிலேயே இருக்கலாமா, ஃபிக்மா, கேன்வா என்று போய்விடலாமா? காசு கொடுத்து வாங்கத் தகுந்த ப்ளக்-இன்கள் எவை? ஐகான், படம், டெம்ப்ளேட் எல்லாம் எங்கே எடுக்கிறீர்கள்? ஏஐ வந்தபிறகு இந்தத் தொழில் நிலைக்குமா?

இன்னொன்று. அந்த அரசுத் துறை டெக்கை ராப்பகலாக உட்கார்ந்து செய்தேன். அடுத்த வாரக் கூட்டத்தில் போட்டபோது நானும் போயிருந்தேன். ஸ்லைடுக்கு ஸ்லைடு எழுத்தளவு மாறியிருந்தது. தலைப்பு ஓரிடத்தில் மேலே, ஓரிடத்தில் கீழே. நான் வைத்த பச்சை போய் ஏதோ ஒரு பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உழைப்பை மதிக்கத் தெரியாதவர்களிடம் எப்படி வேலை செய்வது?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

உங்கள் முதல் நான்கு கேள்விகளுக்கு யூடியூபில் ஆயிரம் பேர் பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது கடைசிப் பத்திக்காக. நாம் செய்த ஒன்றை நம் கண் முன்னால் யாரோ சிதைத்துக் காட்டினால் வயிறு எரியத்தான் செய்யும். அழுகை வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த டெக்கைக் கடனே என்று செய்திருந்தால் வந்திருக்காது.

சரி, ஆறுதல் முடிந்தது. இனி திட்டு.

உங்கள் மூலக் கோப்பைத் திறங்கள். அவர்கள் கெடுத்ததை அல்ல, நீங்கள் கொடுத்ததை. வியூ மெனுவில் அவுட்லைன் வியூ என்று ஒன்று இருக்கும், அதைத் தட்டுங்கள். இடது பக்கம் ஸ்லைடு எண்கள் வரிசையாக வரும். எண்ணுக்குப் பக்கத்தில் தலைப்பும் அதற்குக் கீழே விஷயமும் இருந்தால், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அங்கே எண்கள் மட்டும்தான் மொட்டையாக நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஏனென்றால் நீங்கள் வெற்று ஸ்லைடை எடுத்து, இன்சர்ட் போய், டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து வரைந்து எழுதியிருப்பீர்கள். டெக்ஸ்ட் பாக்ஸில் இருக்கும் எழுத்து அவுட்லைனில் வராது. பிளேஸ்ஹோல்டரில், அதாவது ஸ்லைடோடு தயாராக வரும் பெட்டியில் இருப்பது மட்டும்தான் வரும். பவர்பாயின்டைப் பொறுத்தவரை உங்கள் ஸ்லைடுகளில் தலைப்பே கிடையாது. ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்கும் பார்வையற்றவர் ஒருவருக்கும் கிடையாது.

இப்போது அந்த அலுவலகத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை மேலதிகாரி இரண்டு ஸ்லைடு கூடுதலாகக் கேட்டிருப்பார். உதவியாளர் ‘நியூ ஸ்லைடு’ அமுக்கியிருப்பார். என்ன வந்திருக்கும்? எல்லா ஸ்லைடுக்கும் அச்சாக இருக்கும் மாஸ்டரை நீங்கள் தொடவே இல்லை என்பதால் மைக்ரோசாஃப்ட் கொடுத்த வெள்ளைப் பக்கம் வந்திருக்கும். அவர் என்ன செய்வார் பாவம், உங்கள் ஸ்லைடு ஒன்றைக் காப்பி எடுத்து எழுத்தை அழித்து எழுதியிருப்பார். பெட்டி கொஞ்சம் நகர்ந்திருக்கும். தலைப்பு மேலும் கீழுமாகப் போனது அப்படித்தான்.

அந்தப் பச்சைக்கு வருவோம். லோகோவிலிருந்து ஐட்ராப்பரில் உறிஞ்சி வைத்திருப்பீர்கள். கண்ணுக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் உதவியாளர் கலர் பட்டியலைத் திறந்தால் மேலே தெரிவது தீம் கலர்கள், கோப்புக்கென்று குறித்து வைத்தவை. அங்கே உங்கள் பச்சை இல்லை, ஆபீஸ் தீமின் கலர்கள்தான் உட்கார்ந்திருக்கும். கீழே ஸ்டான்டர்ட் கலர்ஸ் என்று ஒரே ஒரு வரிசை. கண்ணில் பட்ட ஒரு பச்சையை எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். தீமில் மொத்தம் 12 கலர் இடங்கள் உண்டு: எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, ஆக்சென்ட் ஆறு, லிங்குக்கு இரண்டு. உங்கள் பச்சையை முதல் ஆக்சென்டில் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மதிக்கத் தெரியாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. டெக் என்பது திருத்தப்படுவதற்காகவே பிறந்த பொருள். வரலாறே அப்படித்தான். 1980களில் ஒரு கம்பெனி அதிகாரி பேச வேண்டுமென்றால் விஷயத்தை எழுதி ஆர்ட் டிபார்ட்மென்டுக்கோ வெளியே ஸ்லைடு செய்பவர்களுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு எண்ணை மாற்றவும் அதே வரிசை. பேசுகிறவர் தன் கையாலேயே செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் ராபர்ட் காஸ்கின்ஸின் யோசனை. ஃபோர்தாட் என்ற சின்ன கம்பெனியில் அவரும் டென்னிஸ் ஆஸ்டினும் பவர்பாயின்டைச் செய்து 1987இல் மேக்கின்டாஷுக்கு வெளியிட்டார்கள். முதல் வெர்ஷன் கறுப்பு வெள்ளைதான், ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் ஷீட்டுகளை அச்சடிக்க. அந்த வருடமே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்குக் கம்பெனியை வாங்கிவிட்டது. ஆக, அந்த உதவியாளர் ராத்திரி உட்கார்ந்து ஸ்லைடைத் திருத்துவது இந்த மென்பொருளின் துஷ்பிரயோகம் இல்லை, இது உண்டானதே அதற்காக. அவர் கைக்கு அடங்குகிற மாதிரி செய்து கொடுப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். நல்ல டெய்லர் பிளவுஸ் தைக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைப்பார், பிறகு பிரித்துவிட்டுக்கொள்ள.

நான் இதைக் கற்றது பவர்பாயின்டில் இல்லை, புத்தகப் பக்கம் கட்டும் பேஜ்மேக்கரில். திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் டிடிபி சென்டர். புத்தகக் கண்காட்சி நெருங்கினால் பதிப்பகங்களின் பையன்கள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மூத்தவராக ஓர் அண்ணன் இருந்தார். நாங்கள் பக்கம் முடித்துக் காட்டினால் அழகாக இருக்கிறதா என்று பார்க்கவே மாட்டார். நேராக மவுஸை வாங்கி ஏதாவது ஒரு பத்தியில் கிளிக் செய்வார். ஓரத்தில் ஸ்டைல் பட்டியல், அதாவது தலைப்பு, பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் முன்பே குறித்து வைத்த எழுத்து அமைப்புகளின் பட்டியல், திறந்திருக்கும். அதில் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் போச்சு. ஸ்டைலை மீறி நாம் கையால் அளவையோ ஃபான்டையோ மாற்றியிருக்கிறோம் என்பதற்கு பேஜ்மேக்கர் காட்டும் அடையாளம் அது. “கூட்டல் யாரு போட்டது?” என்பார். அவ்வளவுதான், எழுந்து டீ வாங்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாக் கூட்டலும் போயிருக்க வேண்டும்.

அப்போது அவர்மேல் எனக்குக் கடுங்கோபம். பிறகு ஒரு நாவலாசிரியர், படிவம் பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய ராத்திரியில் வந்து உட்கார்ந்து, பாடி எழுத்து சின்னதாக இருக்கிறது, அரை பாயின்ட் கூட்டுங்கள் என்றார். அண்ணன் ஸ்டைலைத் திறந்தார், எண்ணை மாற்றினார், ஓகே கொடுத்தார். புத்தகம் முழுக்க மாறியது. பக்கத்து மேசையில் வேறொரு புத்தகத்தைக் கையால் கட்டி வைத்திருந்த பையன் அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பவர்பாயின்டில் அந்தக் கூட்டல் குறி கிடையாது. பெரிய குறை. அதற்குப் பதிலாக ஹோம் டேபில் ரீசெட் என்று ஒரு பட்டன் உண்டு. கோப்பை அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து, எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து ரீசெட் கொடுங்கள். அளவும் இடமும் மாஸ்டரில் இருப்பதற்குத் திரும்பும். ஸ்லைடு அசையாமல் நின்றால் உங்கள் மாஸ்டர் சரி. தலைப்பு எகிறிக் குதித்தால் கையால் இழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். டெக்ஸ்ட் பாக்ஸ்களை ரீசெட் தொடவே தொடாது, எனவே அவுட்லைன் சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள்.

மாஸ்டருக்குப் போக, கீழே இருக்கும் நார்மல் வியூ பட்டனை ஷிஃப்ட் அமுக்கிக்கொண்டு தட்டினால் போதும். கூடவே வரும் 11 லேஅவுட்டில், அதாவது பக்க அமைப்புகளில், உங்களுக்கு வேண்டாததை அழியுங்கள். வேண்டியதற்கு, அதைப் பயன்படுத்தப் போகிறவருக்குப் புரிகிற பெயர் வையுங்கள்: ‘தலைப்பும் அட்டவணையும்’, ‘படம் இடது’. வாடிக்கையாளர்களின் பழைய கோப்பைத் திறந்தால் மாஸ்டர் வியூவில் ‘1_ஆபீஸ் தீம்’, ‘2_ஆபீஸ் தீம்’, ‘3_ஆபீஸ் தீம்’ என்று ஸ்க்ரோல் முடியாமல் போய்க்கொண்டிருக்கும். வேறு டெக்குகளிலிருந்து ஸ்லைடை ஒட்டும்போதெல்லாம் ‘கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்’ கொடுத்துப் பழைய மாஸ்டரையும் கூடவே இழுத்து வந்ததன் விளைவு. ஒட்டும்போது டெஸ்டினேஷன் தீம் கொடுக்கச் சொல்லி அவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

தமிழ் டெக் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பயிற்சியாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பவர்பாயின்டின் பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். நகல் ஒன்றின் பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரித்து, உள்ளே தீம் ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்எம்எல்லை நோட்பேடில் திறந்து பாருங்கள். தலைப்புக்கும் கீழே வரும் உரைக்கும் தனித்தனியாக மூன்று ஃபான்ட் இடங்கள் இருக்கும்: லத்தீன் எழுத்துக்கு ஒன்று, கிழக்காசிய எழுத்துகளுக்கு ஒன்று, ‘சிஎஸ்’ என்று காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு ஒன்று. தமிழ் இந்த மூன்றாவதில் வரும். வழக்கமான ஆபீஸ் தீமில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். அதற்குக் கீழே மொழிவாரியாக ஒரு பட்டியல், தமிழுக்கு நேரே லதா என்ற ஃபான்ட். இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 10இலிருந்து லதா தானாகவே நிறுவப்படுவதில்லை, கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டிய தமிழ்த் துணை ஃபான்ட் தொகுப்புக்குள் போய்விட்டது. தலைப்பு ஃபான்ட் என்று நீங்கள் ஆங்கிலத்துக்குத் தேர்ந்தெடுத்தது தமிழுக்கு எதையும் செய்யாமல், உங்கள் மெஷினில் ஒன்று, அவர்கள் மெஷினில் ஒன்று என்று தெரிவது இப்படித்தான். அந்தக் காலி இடத்தில் உங்கள் தமிழ் ஃபான்டின் பெயரை எழுதிச் சேமித்து, மறுபடி ஜிப்பாக்கிப் பழையபடி பிபிடிஎக்ஸ் என்று பெயர் மாற்றுங்கள்.

எந்த ஃபான்ட்? மேடையில் உங்கள் லேப்டாப்பிலிருந்தே ஓடும் என்றால் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எதை வேண்டுமானாலும் வையுங்கள், எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கோப்பு வேறொரு அலுவலகத்துக்குப் போகும் என்றால் நிர்மலா யுஐ. முகம் சுளிக்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது, அங்கேயும் இருக்கும், அது போதும். ஃபான்டைக் கோப்புக்குள்ளேயே எம்பெட் செய்யலாமே என்பீர்கள். செய்யுங்கள், ஆனால் எல்லா ஃபான்டும் அதற்கு இடம் கொடுக்காது, நம்பி இருக்காதீர்கள். யூனிகோடு அல்லாத வானவில் ஃபான்டில் அடித்த பழைய உரை வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மறுவேலை. 2010இல் உங்கள் ஊர்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டியே அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது, இன்னும் வானவில் வந்துகொண்டிருக்கிறது, என்ன செய்ய.

அப்புறம் ஆட்டோஃபிட். ‘மாவட்ட அளவிலான கண்காணிப்புக் குழுக் கூட்டம்’ என்று ஒரு தலைப்பு வந்தால் ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டி தாங்காது, பவர்பாயின்ட் தானாக எழுத்தைச் சுருக்கும். நீங்கள் பார்த்த ஸ்லைடுக்கு ஸ்லைடு மாறும் எழுத்தளவு இதுவாகவே இருக்கலாம். லேஅவுட்டிலேயே ‘டு நாட் ஆட்டோஃபிட்’ வைத்துவிட்டு, தலைப்புப் பெட்டியை இரண்டு வரிக்கு அளந்து போடுங்கள். வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் சுழியும் இடித்துக்கொள்ளாமல் இருக்கும்.

மற்ற கேள்விகள். கிளையன்ட் எதில் திருத்துவாரோ அதில் செய்யுங்கள், கோவை பம்ப் கம்பெனிக்கு அது பவர்பாயின்ட்தான். ஏஐ பற்றி என்னிடம் தத்துவம் இல்லை. அது செய்து தரும் டெக்கையும் அவுட்லைனில் திறந்து, ரீசெட் கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கு வேலை இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்யலாம். டெம்ப்ளேட் வாங்காதீர்கள். ஐகானை எஸ்விஜியாக எடுத்து ‘கன்வர்ட் டு ஷேப்’ கொடுங்கள், தீம் கலரை ஏற்றுக்கொள்ளும். உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள், ஐகான் தளமான நவுன் பிராஜெக்டில் இலவசமாக எடுத்தால் செய்தவர் பெயரைப் போட வேண்டும். படத்துக்கு அன்ஸ்பிளாஷில் வெள்ளைக்காரர்கள் கைகுலுக்குவதைத் தேடிக்கொண்டிருக்காமல் ஒரு காலை ஃபவுண்டரிக்குப் போய் நீங்களே எடுங்கள்.

ப்ளக்-இன்னில் ப்ரைட்ஸ்லைடு இலவசம், இன்றே போட்டுக்கொள்ளுங்கள், அலைன்மென்ட் வேலை பாதியாகும். சார்ட் போடும் திங்க்-செல் அருமையான சாமான், ஆனால் அது இல்லாதவர் கையில் அந்தச் சார்ட்டின் எண்ணை மாற்ற முடியாது. உங்கள் கிளையன்டிடம் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த அரசுத் துறைக்கு ஒரு போன் போட்டு, மாஸ்டரைச் சரிசெய்து மறுபடி தருகிறேன் என்று சொல்லுங்கள். இதற்குத் தனியாகப் பில் போடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா