ஏகாரத்துக்கு எத்தனை வேஷம்?

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துப் பழகியவன் நான். இப்போது கம்ப்யூட்டரில் பல மொழி எழுத்துருக்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். நெடில் ஏகாரத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்து குவிந்துவிட்டது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சேலம், ஏற்காடு, சேர்வராயன் மூன்றுமே ஏகாரத்தில்தானே ஆரம்பிக்கின்றன, இங்கிலீஷில் மட்டும் ஏன் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்? (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி)

நல்லா கவனிச்சிருக்கம்மா. சேலத்துக்கு அவர்களுடைய முதல் எழுத்து, ஏற்காட்டுக்கு ஒய்யும் இ-யும், சேர்வராயனுக்கு வெறும் இ. இங்கிலீஷில் ஏகார ஓசைக்கென்று ஓர் எழுத்து நிலையாக இல்லை, அதுதான் காரணம். ஒரு காலத்தில் இருந்தது. 'பார்' என்று பொருள்படும் 'ஸீ'யில் இரண்டு இ வருகிறதே, அதை அறுநூறு வருஷத்துக்கு முன்னால் 'ஸே' என்றுதான் சொன்னார்கள். அப்புறம் அந்த மொழியின் நெடில்கள் எல்லாம் வரிசையாக இடம் மாறின. ஏ இருந்த இடம் ஈ ஆனது, ஆ இருந்த இடம் ஏ ஆனது, எழுத்துக்கூட்டல் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. அவர்களுடைய முதல் எழுத்தின் பெயரே 'ஆ' என்பதிலிருந்து 'ஏ' ஆனது இந்தக் கலாட்டாவில்தான். ஏற்காட்டின் ஒய் நம் வாயிலிருந்து போனது. சொல்லின் தொடக்கத்தில் ஏ வந்தால் நாக்கு லேசாக ஒரு 'ய'வைத் தொட்டுவிட்டுத்தான் போகும், 'ஏன்' என்று சொல்லிப் பாருங்கள், 'யேன்' என்று விழும். வெள்ளைக்காரர் காதில் விழுந்ததை எழுதினார்.

ஸ்டேஷன் போர்டில் இந்தியில் சேலத்தைச் சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள்? (சூரமங்கலம்)

சேலத்துக்குச் சரி. இந்தியில் அந்த ஓசைக்கு வழக்கமாக இருப்பது ஒரே எழுத்து, அது நெடில். சிக்கல் குறில் வரும்போதுதான். எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் 'செ' குறில், 'பே' நெடில். இந்தியில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எடப்பாடியும் ஏத்தாப்பூரும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கும். அது அவர்கள் குற்றமும் இல்லை. சமஸ்கிருதத்தில் ஏ, ஓ இரண்டும் எப்போதுமே நெடில், குறிலே கிடையாது. இல்லாததற்கு யார் எழுத்து செய்வார்கள்? சமஸ்கிருதத்தை ரோமன் எழுத்தில் அச்சடிக்கும் புத்தகங்களில் ஆ, ஈ, ஊ தலையில் படுக்கைக் கோடு இருக்கும், ஏ தலையில் இருக்காது, அதுவும் இதனால்தான். நம் மொழிகளையும் சேர்த்து எழுத 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 என்ற சர்வதேச ரோமன் எழுத்து முறையில் ஏ, ஓ இரண்டுக்கும் கோடு போட்டார்கள்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்கிறார்கள். ஓலைச்சுவடியில் இதை எப்படி எழுதியிருப்பார்கள்? (ஏற்காடு, காப்பித் தோட்டம்)

அண்ணா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

தொல்காப்பியத்தின்படி எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தலையில் புள்ளி வைக்க வேண்டும். அதாவது புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். இன்றைக்கு நாம் குறிலாகப் படிக்கிற 'எ' வடிவம் அன்றைக்குப் புள்ளியில்லாமல் நின்றால் ஏகாரம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். பிறகு ஏரியும் எரியும் ஒன்றுதான். உங்கள் ஊரை ஏரிக்காடு என்றும் படிக்கலாம், எரிகாடு என்றும் படிக்கலாம், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். (பங்குனி சித்திரையில் மலைச்சரிவு பற்றி எரிவதைப் பார்த்தால் இரண்டாவதுதான் சரியோ என்று தோன்றும்.) 18ஆம் நூற்றாண்டில் வந்த மாற்றம்தான் ஏகாரத்துக்குக் கீழே இழுத்த காலும் இரட்டைக்கொம்பும். அதைச் செய்தவர் வீரமாமுனிவர் என்று பொதுவாகச் சொல்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. சிங்களத்திலும் நம் புள்ளி போல ஒரு குறி உண்டு, ஹல் குறி என்பார்கள், மெய்யெழுத்தின் மேல் போட்டால் அதிலிருக்கும் அகரம் போய்விடும். அதையே எகரத்தின் மேல் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? நெடில்! கடல் தாண்டினால் அதே வேலைக்காரன் தலைகீழாக வேலை செய்கிறான். முதன்முதலில் ஒரு சிங்களப் பக்கம் கைக்கு வந்தபோது இது தெரியாமல் அரை நாள் குழம்பினேன்.

எங்கள் கடைப் போர்டில் 'கஃபே' என்று இங்கிலீஷில் எழுதி, கடைசி எழுத்தின் மேல் சாய்ந்த கோடு போட்டிருக்கிறோம். நெடில் என்பதற்காகத்தானே? (ஏற்காடு, ஏரி ரோடு)

இல்லைங்க. அது பிரெஞ்சுக்காரர் கோடு. வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று சொல்லாது. அதே கோட்டை செக் மொழியிலோ ஹங்கேரியனிலோ பார்த்தால் நெடில்தான். போர்டை மாற்ற வேண்டாம், அழகாக இருக்கிறது.

மகள் லாட்வியாவில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே எழுத்துகள் தலையில் கோடு கோடாக இருக்கிறதாம். விட்டுவிட்டால் என்ன ஆகும்? (குகை)

கல்யாணம் ஆடாகிவிடும். நிஜமாகத்தான் சொல்கிறேன். லாட்விய மொழியில் 'காஸஸ்' என்று இழுத்தால் கல்யாணம், 'கஸஸ்' என்று குறுக்கினால் ஆடுகள், வித்தியாசம் அந்த ஒரு கோடு. ஆ, ஏ, ஈ, ஊ நான்குக்கும் கோடு உண்டு. ஏகாரத்தில் கூடுதலாக ஒரு தொல்லை, ஒரே எழுத்துக்கு வாய் அகன்ற ஓசை ஒன்று, குறுகிய ஓசை ஒன்று, எது எங்கே என்று காதால்தான் பழக வேண்டும்.

சிரிக்காதீர்கள், நமக்கும் நடக்கும். கோயில் கெடா விருந்துக்கு ஒருவர் ஐந்நூறு பத்திரிகை அடிக்கக் கொடுத்தார். ஒற்றைக்கொம்பு எடுக்க வேண்டிய இடத்தில் எழுத்துப் பெட்டியின் பக்கத்து அறையிலிருந்து இரட்டைக்கொம்பை எடுத்துவிட்டேன். 'கேடா விருந்து' என்று அழகாக அச்சாகி வந்தது. மறுபடி அடித்துக் கொடுத்தேன், காகிதச் செலவு என் சம்பளத்தில்.

கோடு போட வசதியில்லாத கீபோர்டில் என்ன செய்வது? (ஓமலூர்)

எழுத்தை இரட்டித்துவிடலாம். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் பொதுவாகக் கோடுதான், ஆனால் வைக்காட்டோ பகுதிக்காரர்கள் இரண்டு எழுத்தாகவே எழுதுவார்கள். எப்படியோ ஒன்று செய்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே 'கெக்கெ' என்றால் நாம் தின்கிற கேக், 'கேக்கே' என்றால் அக்குள். பின்லாந்து, எஸ்டோனியாவிலும் இரட்டிப்புத்தான். நாமும் அளபெடையில் 'ஏஎ' என்று பக்கத்தில் குறிலை வைத்தோமே, அதற்கு உறவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஆசிரியரை 'சென்செய்' என்பதா 'சென்சே' என்பதா? (ஃபேர்லாண்ட்ஸ்)

எழுதுவது செ-ன்-செ-இ. சொல்வது பெரும்பாலும் 'சென்சே'. அவர்களுடைய ஹிரகானாவில் ஏகாரத்தை இப்படி இகரம் சேர்த்து எழுதுவதுதான் அதிகம். அக்கா என்பதற்கான 'ஒனேசன்' போன்ற சிலவற்றில்தான் எகரமே இரண்டு தடவை வரும். வெளிநாட்டுச் சொற்களை எழுதுகிற கதகானாவில் இந்தக் குழப்பமே இல்லை, எந்த உயிராக இருந்தாலும் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தால் நெடில். கேக்கை அவர்கள் 'கேக்கி' என்று கோடு போட்டு எழுதுவார்கள். மேலிருந்து கீழாக எழுதும்போது அந்தக் கோடும் எழுந்து நின்றுகொள்ளும், அதைத் திருப்ப மறந்தால் பக்கம் பூராவும் தப்பு. கோட்டை மறக்காதே தம்பி, 'பிரு' கட்டடம், 'பீரு' பீர்.

இன்ஜினியரிங்கில் செயல்திறனுக்குப் போடுகிற ஈட்டாவும் ஏகாரம் என்கிறார்களே? (இளம்பிள்ளை)

இருந்தது. பழைய கிரேக்கத்தில் குறில் எகரத்துக்கு எப்சிலான், நெடிலுக்கு ஈட்டா என்று தனித்தனி எழுத்து, நம்மைப் போலவே. ஏதென்ஸ் நகரம் கி.மு. 403இல் இந்த வரிசையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இன்றைய கிரேக்கர்கள் அதை 'இ' என்றுதான் படிக்கிறார்கள். அன்றைக்கு ஏகாரம்தான் என்பதற்கு ஒரு செம்மறியாடு சாட்சி. பழைய நாடகத் துணுக்கு ஒன்றில் ஆடு கத்துவதை இந்த எழுத்தால் எழுதியிருக்கிறது. அன்றைய கணக்கில் 'பே பே'. இன்றைய கிரேக்கர் படித்தால் 'வி வி'. எந்த ஆடு அப்படிக் கத்தும்?

சௌராஷ்டிர எழுத்தில் ஏ உண்டா? (அம்மாபேட்டை)

உண்டு, குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனியாக.

இரண்டாம் வகுப்புப் பையன் 'ஏ' எழுதும்போது காலை மறந்துவிடுகிறான். அடிக்கிறார்கள். (கொண்டலாம்பட்டி)

அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. 'எரி' என்று ஒரு சீட்டு, 'ஏரி' என்று ஒரு சீட்டு எழுதி, அடுப்புப் பக்கம் ஒன்று, தண்ணீர்க் குடத்துப் பக்கம் ஒன்று அவனையே ஒட்டச் சொல்லுங்கள். காலில்லாத சீட்டைக் குடத்தில் ஒட்டினால் வீட்டில் எல்லோரும் சிரியுங்கள், போதும்.